விண்வெளித் தொடர்களை வைத்துத் தலைமையும் அறமுடிவும் கற்பிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி கல்லூரி ஆசிரியர்களுக்கும், புதிதாக மேலாளர் ஆனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கும். முறை எளிது. அறிவியல் புனைவுத் தொடரின் ஓர் எபிசோடைப் போடுகிறோம். கேப்டன் முடிவெடுக்கப் போகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துகிறோம். அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் முடிவைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடி ஓட விடுகிறோம்.

கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துவிட்டால், எல்லோரும் அந்த முடிவுக்கு ஏற்ற காரணத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன் தாங்கள் என்ன நினைத்தோம் என்பது அவர்களுக்கே மறந்துபோகும். அதைக் காப்பாற்றி வைப்பது எழுதிய காகிதம் மட்டும்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் காகிதத்தை உருவாக்கவும், அப்புறம் அதை வைத்து வேலை செய்யவும்தான்.

## 1. எந்தத் திறன் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘தலைமைப் பண்பு’ என்று பொதுவாக வைத்துக்கொண்டால் வகுப்பு எங்கேயும் போய்ச் சேராது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் அறச்செயலை நான்காகப் பிரித்தார்: இங்கே ஓர் அறப்பிரச்சினை இருக்கிறது என்று கண்டுகொள்வது, எது சரி என்று தீர்மானிப்பது, மற்ற நோக்கங்களைவிட அதற்கு முதலிடம் தருவது, தடை வந்தாலும் செய்து முடிப்பது. ஒரு வகுப்புக்கு இதில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

இந்த நான்கும் தனித்தனியாக உடையக்கூடியவை. தவறு என்று நன்றாகத் தெரிந்தே செய்பவருக்குக் கண்டுகொள்ளும் பயிற்சி பயன்படாது. எது சரி என்று தெரிந்தும் மேலதிகாரி முன்னால் வாய் திறக்காதவருக்கு இன்னொரு தத்துவப் பாடம் தேவையில்லை.

பாடத்திட்டத்தைத் தொடும் முன், “வகுப்பு முடியும்போது இவர்களுக்கு இதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்” என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘புரிந்திருக்க வேண்டும்’ என்று முடியும் வாக்கியமாக இருந்தால் திருத்துங்கள். “தன் முடிவுக்கு எதிரான வலுவான வாதத்தைத் தானே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்” என்பது போல, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செயலாக இருக்கட்டும்.

## 2. அப்புறம்தான் எபிசோடு

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. தங்களுக்குப் பிடித்த எபிசோடை எடுத்துவைத்துக்கொண்டு அதற்கு ஒரு பாடம் தேடுகிறார்கள். பிடித்த எபிசோடு பெரும்பாலும் பரபரப்பானது. பரபரப்பில் முடிவுகள் நொடியில் எடுக்கப்பட்டுவிடும், நிறுத்திப் பேச இடமே இருக்காது.

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். முடிவெடுப்பவருக்கு அதிகாரமும் அதற்குரிய பொறுப்பும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இழப்பு இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒரு கருவியோ காலப்பயணமோ வந்து எல்லோரையும் காப்பாற்றிவிடக் கூடாது. முடிவுக்குப் பிறகு அதன் விலையை யாராவது சுமப்பதைக் கதை காட்டினால் இன்னும் நல்லது. மூன்றாவதில்தான் பெரும்பாலான எபிசோடுகள் விழுந்துவிடும். கேப்டன் கெட்டிக்காரத்தனமாக மூன்றாவது வழி கண்டுபிடிக்கும் கதை பார்க்கச் சுகம், ஆனால் ‘கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் இழப்பில்லாமல் முடித்துவிடலாம்’ என்ற பொய்யான பாடத்தை அது விட்டுச்செல்லும்.

இந்தச் சல்லடையில் தங்கும் சில:

‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ (ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன், 1989). இயந்திர மனிதனான டேட்டா ஒரு சொத்தா, தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை உள்ளவனா என்ற விசாரணை. முதல்முறை நடத்துபவர்கள் இதில் தொடங்குங்கள். 5ஆம் படியில் இதை முழுதாக நடத்திக் காட்டுகிறேன்.

‘செயின் ஆஃப் கமாண்ட்’ (அதே தொடர், 1992, இரண்டு பாகம்). புதிய கேப்டன் ஜெலிக்கோ வந்ததும் மூன்று ஷிஃப்டை நான்காக மாற்றச் சொல்கிறார். துணைத் தளபதி ரைக்கர் துறைத் தலைவர்களிடம் பேசிவிட்டு, சிக்கல் வரும் என்று கருதி மாற்றாமல் விடுகிறார். புதிய மேலதிகாரியின் கீழ் வேலை செய்யும் யாருக்கும் இது பொருந்தும். முதல் பாகத்தின் தொடக்கம் மட்டும் போதும். இரண்டாம் பாகத்தில் சித்திரவதைக் காட்சிகள் உண்டு.

‘டூவிக்ஸ்’ (ஸ்டார் டிரெக்: வாயேஜர், 1996). விபத்தில் இரண்டு பேர் கலந்து மூன்றாவதாக ஒரு புதிய ஆள் உருவாகிறான். பழைய இருவரையும் மீட்க வேண்டுமென்றால் இவன் இல்லாமல் போக வேண்டும், இவனுக்கோ சாக விருப்பமில்லை. மருத்துவர் அந்தச் சிகிச்சையைச் செய்ய மறுக்கிறார். கேப்டன் ஜேன்வே தன் கையாலேயே செய்கிறார். வகுப்பை நேர் பாதியாகப் பிளக்கக்கூடிய கதை. இரண்டு மூன்று வகுப்பு நடத்திப் பழகிய பிறகு எடுங்கள்.

‘33’ (பேட்டில்ஸ்டார் கலாக்டிகா, 2004). 33 நிமிடத்துக்கு ஒருமுறை தாக்குதல், 130 மணி நேரம் தூக்கமில்லை. எதிரி ஊடுருவியிருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் ஒரு பயணிகள் கப்பல் நெருங்குகிறது. அரைகுறைத் தகவலோடும் களைத்த மூளையோடும் எடுக்கும் முடிவைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை. மருத்துவமனை, மின்நிலையம், காவல் போன்ற ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

‘இன் தி பேல் மூன்லைட்’ (ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன், 1998). நல்ல மனிதர் ஒருவர் படிப்படியாகச் சறுக்குவது. இதற்கு வேறு முறை வேண்டும், 8ஆம் படியில் வருகிறது.

உள்ளூர் ஊழலையோ அரசியல் நிகழ்வையோ எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். அங்கே பாதிப் பேர் கட்சியோ ஊரோ பார்த்து முன்பே ஒரு பக்கம் சேர்ந்திருப்பார்கள். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் எதிரியாக வரும் சைலான்கள் விஷயத்தில் யாருக்கும் முன்கூட்டியே பக்கம் கிடையாது. அந்தத் தூரம்தான் நமக்கு வேண்டியது.

## 3. வகுப்புக்கு முன் தயாராக வேண்டியவை

எபிசோடை இரண்டு முறை பாருங்கள். முதல்முறை கதைக்காக. இரண்டாம் முறை பேனாவோடு உட்கார்ந்து, முடிவெடுப்பவருக்கு எந்தத் தகவல் எப்போது கிடைக்கிறது என்று குறியுங்கள். நிறுத்த வேண்டிய இடம் அதில் தானாகத் தெரியும்: எல்லாத் தகவலும் வந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை, அந்த இடம்தான்.

நேரக் குறிப்பை, வகுப்பில் போடப்போகும் அதே பிரதியிலிருந்து எடுங்கள். ‘மெஷர் ஆஃப் எ மேன்’ ஒளிபரப்பான வடிவம் சுமார் 45 நிமிடம், புளூரேயில் அதைவிட நீளமான வடிவம் ஒன்றும் உண்டு. ஒன்றில் குறித்துக்கொண்டு இன்னொன்றைப் போட்டால், நிறுத்துவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

தமிழில் ஒரு பக்கக் குறிப்பு தயார் செய்யுங்கள். யார் யார், என்ன பதவி, யாருக்கு யார் மேலதிகாரி, இந்த உலகத்தின் எந்த விதி நமக்கு இப்போது தேவை. அவ்வளவு போதும். இந்தத் தொடர்களைப் பார்க்காதவர்கள் முதல் பத்து நிமிடத்தைப் பெயர்களைப் புரிந்துகொள்வதிலேயே தொலைத்துவிடுவார்கள். வசனங்கள் வேகமான ஆங்கிலம். சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள், விசாரணைக் காட்சியின் முக்கிய வசனங்களைக் குறிப்பின் பின்பக்கத்தில் தமிழில் சுருக்கிக் கொடுங்கள். ஆங்கிலம் சரளமாக வருபவர் மட்டும் பேசும் வகுப்பாக இது ஆகிவிடாமல் இருக்க இந்த ஒரு பக்கம் பெரிய உதவி. விவாதம் தமிழிலேயே நடக்கட்டும்.

உரிமை விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் திரையிட இடம் தருகிறது. அந்த விலக்கை நம்பி நிறுவனப் பயிற்சியில் திரையிடாதீர்கள், அங்கே அனுமதி கேட்டு வாங்குங்கள். அனுமதி கிடைக்கவில்லை என்றால் கதையை நீங்களே சொல்லி, அதே இடங்களில் நிறுத்தலாம். நன்றாகச் சொல்லத் தெரிந்தவரிடம் அதுவும் வேலை செய்கிறது.

மற்றவை சின்ன விஷயங்கள்: ஆளுக்கு மூன்று அட்டை, பேனா, நல்ல ஸ்பீக்கர், வட்டமாகப் போட்ட நாற்காலி.

## 4. படம் ஓடும் முன் பத்து நிமிடம்

குறிப்பைப் படிக்க நேரம் கொடுங்கள். பிறகு பாத்திரத்தைப் பிரித்துக் கொடுங்கள். ‘மெஷர் ஆஃப் எ மேன்’ என்றால் இந்த வரிசை துணைத் தளபதி ரைக்கர், அந்த வரிசை கேப்டன் பிக்கார்ட், பின்னால் இருப்பவர்கள் நீதிபதி. ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்டால் பொதுக்கருத்து வரும். ‘நீங்கள் ரைக்கர், நாளை காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும், என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால் முடிவு வரும்.

ஏற்கெனவே பார்த்தவர்கள் யார் என்று கேளுங்கள். அவர்களைக் கவனிப்பாளர்களாக வையுங்கள்: யார் பேசினார்கள், யார் வாயை அடைத்தார்கள், யார் மனம் மாறினார்கள் என்று அவர்கள் குறிக்க வேண்டும். சும்மா உட்காரச் சொன்னால் முடிவு எப்படியும் வெளியே கசிந்துவிடும்.

வன்முறையோ மரணமோ வரும் எபிசோடாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அண்மையில் வீட்டில் இழப்பைச் சந்தித்தவருக்கு எழுந்து போகும் உரிமை உண்டு. காரணம் கேட்கக் கூடாது.

## 5. நிறுத்தங்கள்: ஒரு முழு எடுத்துக்காட்டு

‘மெஷர் ஆஃப் எ மேன்’ கதை இது. டேட்டாவைப் போல இன்னும் பல இயந்திர மனிதர்களைச் செய்ய வேண்டும் என்பதற்காக, டேட்டாவைப் பிரித்துப் பார்க்க விரும்புகிறார் மேடாக்ஸ் என்ற ஆய்வாளர். டேட்டாவுக்கு அவருடைய திறமையில் நம்பிக்கை இல்லை, மறுக்கிறான். இடமாற்ற ஆணை வருகிறது. ராஜினாமா செய்கிறான். ‘சொத்து ராஜினாமா செய்ய முடியாது’ என்கிறார் மேடாக்ஸ். சட்ட அதிகாரி லூவா முதலில் அதை ஏற்கிறார், கேப்டன் பிக்கார்ட் எதிர்த்து விசாரணை கேட்கிறார். லூவாவின் அலுவலகம் புதியது, ஆள் இல்லை. ஆகவே பிக்கார்ட் டேட்டாவுக்காக வாதாட வேண்டும், அவனுடைய நண்பனான ரைக்கர் எதிர்த்து வாதாட வேண்டும்.

நிறுத்தம் ஒன்று. ரைக்கர் மறுக்கிறார். அப்படியானால் டேட்டா சொத்துதான் என்று இப்போதே தீர்ப்பு எழுதிவிடுவேன் என்கிறார் லூவா. இங்கே நிறுத்துங்கள். கேள்வி: நீங்கள் ரைக்கர். வாதாடுவீர்களா? வாதாடினால் முழு பலத்தோடா, பேருக்கா?

ஐந்து நிமிடம், பேச்சு கிடையாது, அட்டையில் எழுத வேண்டும். அரைமனதோடு வாதாடுவேன் என்று எழுதுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களைத் திருத்தாதீர்கள். அந்த அட்டைகள் பிறகு நிறையப் பேசும்.

நிறுத்தம் இரண்டு. ரைக்கர் முழு பலத்தோடு வாதாடுகிறார். டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகிறார், கடைசியில் அவன் உடலில் இருக்கும் விசையை அழுத்தி அவனை இயங்காமல் நிறுத்தியே விடுகிறார். முந்தைய இரவு அந்த விசையை வரைபடத்தில் கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் வரும் சிரிப்பும், அடுத்த கணம் அது அணைவதும் சில நொடிக் காட்சிதான். அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். விசாரணை இடைவேளையில் நிறுத்திக் கேளுங்கள்: நீங்கள் பிக்கார்ட். தோற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இனி யாரிடம் போய் ஆலோசனை கேட்பீர்கள், என்ன கேட்பீர்கள்?

வாதம் என்ன என்று கேட்கவில்லை, யாரிடம் போவீர்கள் என்றுதான் கேட்கிறோம். கதையில் பிக்கார்ட் போவது தன் அதிகாரிகளிடம் இல்லை, கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் கைனனிடம். தூக்கி எறியக்கூடிய ஒரு கூட்டமே உருவாக்கப்பட்டால் அதற்கு என்ன பெயர் என்ற திசைக்கு அவர்தான் பேச்சைக் கொண்டுபோகிறார். ஒரு டேட்டாவைப் பற்றிய வழக்கு, ஆயிரம் டேட்டாக்களைப் பற்றிய வழக்காக மாறுவது அந்த மேசையில்தான். தலைவர் தன் வட்டத்துக்கு வெளியே ஒருவரிடம் போவது ஒரு தனித் திறன். மாணவர்களின் அட்டைகளைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் மேலதிகாரியோ வல்லுநரோதான் இருப்பார்.

நிறுத்தம் மூன்று. தீர்ப்புக்கு முன். எல்லோரும் இப்போது லூவா. மூன்று வாக்கியத்தில் தீர்ப்பும் காரணமும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. வகுப்பு ‘இயந்திரத்துக்கு உயிர் உண்டா’ என்ற பேச்சுக்குள் விழுந்துவிடும். சுவையான பேச்சுதான், ஒரு மணி நேரம் ஓடும், தலைமை பற்றி ஒரு சொல் வராது. “உயிர் உண்டா இல்லையா என்று லூவாவுக்கும் தெரியாது. தெரியாதபோது அதிகாரத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? நிரூபிக்கும் சுமை யார் தலையில் இருக்க வேண்டும்?” என்று திருப்பி விடுங்கள். இந்த எபிசோடின் மையம் அந்தக் கேள்வி. லூவாவின் தீர்ப்பும் அதைத்தான் தொடுகிறது: டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்று தனக்குத் தெரியாது, அதைத் தேடும் சுதந்திரம் அவனுக்கு வேண்டும், அவன் தேர்ந்தெடுக்கலாம் என்கிறார்.

ஐம்பது நிமிட வகுப்புதான் கிடைக்கும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு நிறுத்தம் வையுங்கள். அட்டைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

## 6. எழுதிய பிறகு பேச்சு

வரிசை முக்கியம். முதலில் இரண்டு இரண்டு பேராக, அப்புறம் நான்கு பேராக, கடைசியில் முழு வகுப்பு. நேரடியாக முழு வகுப்புக்குப் போனால் வழக்கமாகப் பேசும் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நிறுவனப் பயிற்சியில் பதவியில் இளையவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசியில். மேலாளர் வாய் திறந்த பிறகு மாற்றுக்கருத்து சொல்ல நம் அலுவலகங்களில் மிகச் சிலரே துணிவார்கள்.

“சார், நீங்களே சொல்லுங்க, எது சரி?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில் சொல்லாதீர்கள். சொன்ன மறுகணம் அறுபது பேரும் உங்கள் விடையை எழுதிக்கொண்டு மூடிவிடுவார்கள். “உங்கள் அட்டையில் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அதற்கு எதிராக மிக வலுவான காரணம் எது?” என்று கேளுங்கள்.

எதிர்ப் பக்கத்தின் வாதத்தை அந்தப் பக்கத்தார் ஒப்புக்கொள்ளும் அளவுக்குச் சொல்லிக் காட்டிய பிறகுதான் மறுக்கலாம் என்று ஒரு விதி வையுங்கள். குரல் தானாகவே தணியும். மேடாக்ஸ் பக்கம் ஒன்றுமே இல்லை என்று தள்ளுபவர்களை இந்த விதி நிறுத்தும். ஒவ்வொரு கப்பலிலும் ஒரு டேட்டா இருந்தால் ஆபத்தான வேலைகளில் எத்தனை மனித உயிர் மிஞ்சும் என்பதும் நியாயமான கேள்விதான்.

முடிவை மாற்ற விரும்புபவர் அட்டையில் அடித்துவிட்டு எழுதக் கூடாது. பின்பக்கம் புதிதாக எழுதி, எந்தச் சொல் மாற்றியது என்று குறிக்க வேண்டும்.

## 7. மீதியைக் காட்டி, வழியை ஒப்பிடுங்கள்

முடிவு வந்ததும் ‘நான் சொன்னதுதான் நடந்தது’ என்று கைதட்டுவார்கள். அப்படியே விட்டால் வகுப்பு விடுகதைப் போட்டி ஆகிவிடும். கதாசிரியர் ஒரு முடிவை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதனால் அது சரி என்று ஆகாது. போர்டில் மூன்று கேள்வி எழுதுங்கள்: அவருக்கு என்ன தெரிந்திருந்தது? யாரைக் கேட்டார், யாரைக் கேட்காமல் விட்டார்? பாதிக்கப்படுபவரிடம் யார், எப்படிச் சொன்னார்கள்?

கடைசிக் காட்சியைத் தவறவிடாதீர்கள். வெற்றி விருந்துக்கு ரைக்கர் போகவில்லை. டேட்டா அவரைத் தேடி வந்து, அன்று நீங்கள் செய்தது உங்களைக் காயப்படுத்தியது, என்னைக் காப்பாற்றியது என்கிறான். ரைக்கர் மறுத்திருந்தால் விசாரணையே நடந்திருக்காது என்பது அவனுக்குத் தெரியும். முதல் நிறுத்தத்தின் அட்டைகளை இப்போது வெளியே எடுங்கள். அரைமனதோடு வாதாடுவேன் என்று எழுதியவர்களிடம் கேளுங்கள்: அந்த விசாரணை வெறும் நாடகமாக முடிந்திருந்தால் தீர்ப்புக்கு யார் மதிப்புக் கொடுத்திருப்பார்கள்?

நண்பரையே எதிர்த்து வாதாட வைத்த ஏற்பாடு நியாயமா என்று யாராவது கேட்டால் வகுப்பை அங்கே கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். ஆள் இல்லை என்பதற்காக முறையை வளைப்பது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது.

## 8. படிப்படியான சறுக்கலுக்கு வேறு முறை

‘இன் தி பேல் மூன்லைட்’டில் ஒரே ஒரு பெரிய முடிவு கிடையாது. தோற்றுக்கொண்டிருக்கும் போரில், ஒதுங்கி நிற்கும் ரோமுலன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தாரைத் தன் பக்கம் இழுக்க விரும்புகிறார் கேப்டன் சிஸ்கோ. எதிரி ரோமுலன்களையும் தாக்கத் திட்டமிடுகிறான் என்பதற்கு முதலில் உண்மையான ஆதாரம் தேடச் சொல்கிறார். அது கிடைக்காதபோது பொய் ஆதாரம் செய்யச் சம்மதிக்கிறார். அதற்காக ஒரு குற்றவாளியைச் சிறையிலிருந்து வெளியே எடுக்கிறார். அவன் ஒருவரைக் குத்திவிட, புகார் வராமலிருக்க லஞ்சம் கொடுக்கிறார். ஆபத்தான மருத்துவப் பொருளைக் கைமாற்ற, மருத்துவரின் எதிர்ப்பை மீறி உத்தரவிடுகிறார். போலி பிடிபடுகிறது. கூட்டாளி காரக் ரோமுலன் செனட்டரைக் கொல்கிறான், போலி செய்தவனும் கொல்லப்படுகிறான். ரோமுலன்கள் போரில் சேர்கிறார்கள்.

இங்கே பல இடத்தில் நிறுத்தினால் வேகம் செத்துவிடும். படிகளை வரிசையாக அச்சடித்துக் கொடுத்து எபிசோடை முழுதாக ஓட விடுங்கள். ‘இதற்கு மேல் போகமாட்டேன்’ என்ற இடத்தில் ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு போட வேண்டும். முடிந்தபின் கோடுகளை ஒப்பிடுங்கள்.

கோடு பெரும்பாலும் லஞ்சத்திலோ கொலையிலோ விழும். அப்புறம் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: அந்தப் படியில் சிஸ்கோவால் திரும்பியிருக்க முடியுமா, அல்லது திரும்பக்கூடிய கடைசி இடம் அதற்கு முன்பே போய்விட்டதா? கோட்டை மேலே நகர்த்த வேண்டியிருக்கிறது என்று அவர்களே காண்பார்கள். ‘பல கோடி உயிர் பிழைத்ததே’ என்ற வாதம் எழும்போது அதை அடக்காதீர்கள். அது உண்மையாகவே கனமான வாதம், அதனால்தான் இந்த எபிசோடு இன்றும் பேசப்படுகிறது. கடைசியில் சிஸ்கோ தன் பதிவை அழித்துவிடுகிறார். பதிவை அழிக்கத் தோன்றும் முடிவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத வையுங்கள்.

## 9. நிஜத்துக்குக் கொண்டுவாருங்கள்

இந்தப் படி இல்லாவிட்டால் நடந்தது வெறும் திரையிடல். அதே வாரத்துக்குள் ஓர் உண்மை நிகழ்வை அதே முறையில் நடத்துங்கள். ‘மெஷர் ஆஃப் எ மேன்’னோடு நான் சேர்ப்பது அமெரிக்க விண்கலமான சாலஞ்சரின் விபத்து.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் விண்கலம் கிளம்ப வேண்டும், கடுங்குளிர். ராக்கெட் மோட்டாரைச் செய்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் சரியாக வேலை செய்யாமல் போகலாம், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்கிறார்கள். நாசா தரப்பு அதை ஏற்கத் தயங்குகிறது. நிறுவன மேலாளர்கள் தனியாகப் பேசுகிறார்கள்.

இங்கே நிறுத்துங்கள். அந்த இரவில் தெரிந்திருந்த தகவல் மட்டும் தாளில் இருக்கட்டும். வகுப்பு முடிவை எழுதட்டும். பிறகு மீதியைச் சொல்லுங்கள்: மேலாளர்கள் பரிந்துரையை மாற்றினார்கள், மறுநாள் கலம் கிளம்பிய 73ஆவது நொடியில் சிதறியது, 7 பேர் இறந்தார்கள். பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில், பாதுகாப்பற்றது என்று நிரூபிக்கும் சுமை தங்கள் மேல் விழுந்தது என்று பொறியாளர் ரோஜர் பாஸ்ஜோலி விசாரணை ஆணையத்தின் முன் சொன்னார்.

லூவா முன்னால் இருந்த கேள்வியேதான். அங்கே சந்தேகத்தின் பலன் பாதிக்கப்படக்கூடியவனுக்குக் கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை. கற்பனைக் கதையில் அந்தக் கேள்வியைப் பிடித்துப் பழகியவர்கள், தாளில் எண்களுக்கு நடுவே அது ஒளிந்திருக்கும்போதும் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். இவர்கள் உண்மையில் இறந்த மனிதர்கள் என்பதால் இந்த வகுப்பில் பாத்திரம் பிரித்து நடிக்க வைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு, அவரவர் வேலையிலோ கல்லூரியிலோ நிரூபிக்கும் சுமை தவறான தலையில் இருக்கும் ஓர் இடத்தை எழுதச் சொல்லுங்கள். பெயர்கள் வேண்டாம். எழுதியதைப் படித்துக் காட்டக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

## 10. மதிப்பெண் எதற்கு

முடிவுக்கு மதிப்பெண் கிடையாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முகத்தைப் பார்த்து எழுதுவார்கள்.

நான் பார்ப்பவை: அறையில் இல்லாத, ஆனால் பாதிக்கப்படும் ஒருவரைக் குறிப்பிட்டிருக்கிறாரா? தனக்குத் தெரியாதது எது என்று எழுதியிருக்கிறாரா? எதிர்வாதத்தை நேர்மையாகச் சொல்லியிருக்கிறாரா? எந்தத் தகவல் வந்தால் முடிவை மாற்றுவேன் என்று சொல்லியிருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலான அட்டைகளில் பதில் இருக்காது. அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குங்கள்.

அழகான மொழிக்கு மதிப்பெண் போடாதீர்கள். தட்டுத்தடுமாறி எழுதிய அட்டையில் நல்ல சிந்தனை இருப்பதை நிறையப் பார்க்கலாம்.

## 11. புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

முழு எபிசோடையும் போட்டுவிட்டு ‘என்ன கற்றீர்கள்’ என்று கேட்பது. ‘பிக்கார்ட் நல்ல தலைவர்’ என்று விடை வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேப்டனையோ பழகிய நாயகனையோ உதாரண புருஷராக ஆக்குவது. ஜெலிக்கோ கதையில் இது அதிகம். ரைக்கர் நமக்குப் பழகிய முகம் என்பதால் வகுப்பு உடனே அவர் பக்கம் போகும். ஜெலிக்கோவின் ஒவ்வொரு உத்தரவையும் அதற்கான சூழலையும் தனித்தாளில் கொடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு ஒருமுறை விவாதியுங்கள். உத்தரவை நிறைவேற்றாமலும், நிறைவேற்றவில்லை என்று போய்ச் சொல்லாமலும் இருந்த துணைத் தளபதியைப் பற்றி வேறு தீர்ப்பு வரும்.

ஒரே நாளில் இரண்டு எபிசோடு. இரண்டாவதில் யாரும் எழுதமாட்டார்கள்.

தத்துவச் சொற்களை முதலில் கொடுப்பது. விளைவுவாதம், கடமைவாதம் என்று தொடங்கினால் அட்டைகளில் அந்தச் சொற்கள் மட்டுமே வரும். அவர்கள் தங்கள் மொழியில் சொல்லி முடித்த பிறகு, ‘நீங்கள் சொன்ன இந்த வாதத்துக்கு இப்படி ஒரு பெயர் உண்டு’ என்று ஒட்டுங்கள்.

அமைதியைக் கண்டு பயப்படுவது. நிறுத்தத்துக்குப் பிறகு இரண்டு நிமிடம் யாரும் பேனாவைத் தொடாமல் இருக்கலாம். நீங்கள் பேசி நிரப்பாதீர்கள், உதாரணமும் கொடுக்காதீர்கள்.

## 12. இரண்டு வாரம் கழித்து

அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள். இந்த இரண்டு வாரத்தில் வேலையிலோ வீட்டிலோ எடுத்த ஒரு முடிவைப் பற்றி, 10ஆம் படியின் அதே நான்கு கேள்விகளோடு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ‘செய்யாமல் விட்ட’ முடிவையும் சேர்த்துக்கொள்ளலாம், பலருக்கு அதுதான் எழுத வரும்.

கவனிப்பாளர்களின் குறிப்பையும் இப்போது எடுத்துப் பாருங்கள். யார் ஒருமுறைகூடப் பேசவில்லை என்று அதில் இருக்கும். அடுத்த எபிசோடில் நீதிபதி பாத்திரத்தை அவர்களிடம் கொடுங்கள். நிறுத்தத்துக்குப் பிறகு யாருமே மனம் மாறவில்லை என்றால் நிறுத்தம் தவறான இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் தாமதமாக, விடை வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு நிறுத்தியிருப்பீர்கள். அடுத்த முறை ஒரு காட்சி முன்னால் நகர்த்துங்கள்.